வீட்டுக்குள் வேறொரு கருவி

ஆகஸ்ட் 4, திங்கள்

சென்னையிலிருந்து பதில் வந்துவிட்டது. நெட்வொர்க் பாடம் நடத்த ஆள் தேடும் ஒரு பயிற்சி நிறுவனம். இந்த மாதம் இருபதாம் தேதி காலை பதினொரு மணிக்கு வீடியோ காலில் செய்து காட்டச் சொல்கிறார்கள். என் கம்ப்யூட்டருக்குள் மூன்று விர்ச்சுவல் மெஷின்கள் ஓட வேண்டும். அதாவது, கையால் தொட முடியாத மூன்று கம்ப்யூட்டர்கள், ஆனால் நிஜமானவை செய்யும் எல்லா வேலையும் செய்யும். மூன்றும் ஒன்றோடொன்று பேச வேண்டும். கடைசியாக, வீட்டுக்குள் இருக்கும் வேறொரு கருவியிலிருந்து, போனோ லேப்டாப்போ, அவற்றைத் திறந்து காட்ட வேண்டும். அவ்வளவுதான். இன்ஜினியரிங் காலேஜில் இருபத்திரண்டு வருடம் லேப் இன்சார்ஜாக இருந்த இந்தச் சென்னியப்பனுக்கு இது காபி ஆற்றுகிற வேலை.

லேபில் பழுது ஏற்பட்டால் தினமும் குறித்து வைப்பேன். என்ன கோளாறு, என்ன மாற்றினேன், என்ன ஆயிற்று. அந்தப் பழக்கத்தில்தான் இதையும் எழுதுகிறேன். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும், இரண்டை மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. இதை மாணவர்களுக்குச் சொல்லிச் சொல்லியே என் தொண்டை போயிற்று. அந்தக் காலேஜ் என்னைப் போன டிசம்பரில் வீட்டுக்கு அனுப்பிவிட்டது. காரணம் எழுதுவதற்கு இது இடமில்லை.

சாப்பிடும்போது விஷயத்தைச் சொன்னேன். வசந்தாமணி சாம்பார்க் கரண்டியைப் பிடித்தபடியே மகளைப் பார்த்தாள். மிதுனா தட்டைப் பார்த்தாள்.

"இருபதாம் தேதியுங்களா? அன்னைக்கு ஆவணி நாலுங்க" என்றாள் வசந்தா.

"இருக்கட்டும். நல்ல நாள்தானே?"

"நல்ல நாள்தானுங்க. அதுக்குத்தான் யோசிக்கறேன்."

இவள் எதற்குத்தான் யோசிக்கவில்லை! வாழ்த்துச் சொல்ல மட்டும் இந்த வீட்டில் யாருக்கும் வாய் வராது.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

மூன்று மெஷின்களும் தயார். பெரியவன், நடுவன், சின்னவன் என்று பெயர் வைத்தேன். மூன்றுக்கும் ரவுட்டரிடமிருந்து முகவரி எண் கிடைக்கவில்லை. நெட்வொர்க்கில் எண் இல்லாதவன் ஆளே இல்லை.

மதியம் பருப்பு வேக வைக்கச் சின்னக் குக்கரைத் தேடினேன். காணோம்.

ஆகஸ்ட் 7, வியாழன்

முதல் கோளாறு அகப்பட்டது. மெஷின்களை வீட்டு நெட்வொர்க்கோடு இணைக்கும்போது கம்ப்யூட்டரின் எந்த வாசல் வழியாக என்று சொல்ல வேண்டும். கேபிள் சொருகும் வாசலைக் காட்டியிருந்தேன். அதில் கேபிளே இல்லை. என் கம்ப்யூட்டர் ஓடுவது வைஃபையில். ரவுட்டர் மிதுனாவின் அறையில் இருக்கிறது. முன்பெல்லாம் நேராகக் கேபிள் இழுத்திருந்தேன். அறைக்கு அவள் ஜூனில் பூட்டுப் போட்டாள், கேபிளையும் பிடுங்கிவிட்டாள். பிறந்த வீட்டில் பெண்பிள்ளை பூட்டுப் போட்டுக்கொள்வதை வசந்தா தட்டிக் கேட்கவில்லை. இவள் தட்டிக் கேட்டிருந்தால் எனக்கு இரண்டு நாள் மிச்சமாகியிருக்கும்.

வாசலை மாற்றினேன். உடனே எண் வந்தது. எழுந்து நின்று கை தட்டினேன். கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இரண்டு பைகள் நிறைய மடித்துக்கொண்டிருந்தாள். அத்தனை துணியும் எப்போது துவைத்தாளோ.

ஆகஸ்ட் 9, சனி

பெரியவன் நன்றாக இருக்கிறான். நடுவனும் சின்னவனும் அடித்துக்கொள்கிறார்கள். ஒருவன் எழுந்தால் இன்னொருவன் விழுகிறான். காலையெல்லாம் மண்டை காய்ந்தது. பிறகுதான் பார்த்தேன், என் கையாலேயே செய்த கூத்து. நடுவனை அப்படியே நகல் எடுத்துச் சின்னவனைச் செய்திருந்தேன். உடம்போடு சேர்ந்து பிறந்த அடையாள எண்ணும் நகலாகிவிட்டது. இரண்டு பேருக்கும் ஒரே அடையாளம் இருந்தால் ரவுட்டர் யாரிடம் கொடுக்கும்? இந்தத் தப்பைச் செய்த எத்தனை பையன்களை லேபில் எழுப்பி நிற்க வைத்திருப்பேன். அவர்கள் யாரும் இதைப் பார்க்கவில்லை என்பது ஒரு ஆறுதல்.

சின்னவனுக்குப் புது அடையாளம் கொடுத்தேன். இப்போது மூன்று பேரும் சமர்த்தாக இருக்கிறார்கள். பிங் என்று ஒரு கட்டளை இருக்கிறது. 'இருக்கிறாயா?' என்று கேட்பதுதான் அது. இருப்பவன் 'இருக்கிறேன்' என்று பதில் போடுவான். பெரியவன் கேட்டால் நடுவன் பதில் சொல்கிறான், நடுவன் கேட்டால் சின்னவன் சொல்கிறான். ஒரு சொல்லுக்கு மறுசொல். முகம் தூக்கி வைத்துக்கொள்வதில்லை. கொஞ்ச நேரம் சும்மாவே கேட்க வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வசந்தா உள்ளே வந்து, "என்னங்க, ஓசூர்ல…" என்று ஏதோ ஆரம்பித்தாள். அப்புறம் சொல் என்றேன். நின்று பார்த்துவிட்டுப் போனாள்.

ஆகஸ்ட் 11, திங்கள்

மூன்றாவது கோளாறு. இதுதான் பெரிய தலைவலி. என் கம்ப்யூட்டரிலிருந்து வீட்டின் எந்தக் கருவியைக் கேட்டாலும் பதில் இல்லை. வசந்தாவின் போன் இல்லை. மிதுனாவின் லேப்டாப் இல்லை. பிரிண்டர் இல்லை. இணையம் மட்டும் ஜோராக வருகிறது. அமெரிக்காவில் இருக்கும் கம்ப்யூட்டர் பதில் சொல்கிறது, அடுத்த அறையில் இருக்கும் போன் சொல்லவில்லை.

வெளியாரைத் தடுக்கும் ஃபயர்வாலை நிறுத்திப் பார்த்தேன். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. பிரிண்டர் ஜூனிலிருந்தே என் பேச்சைக் கேட்பதில்லை. ஏதாவது பிரிண்ட் வேண்டுமென்றால் மிதுனாவுக்கு அனுப்பினால் அவள் எடுத்துக் கொடுத்துவிடுவாள். நானும் விட்டுவிட்டேன். வீட்டுக் கருவிகளைப் பார்த்துக்கொள்ள நான் வைத்திருந்த மென்பொருளும் அப்போதிலிருந்து குருடாகத்தான் கிடக்கிறது. அப்டேட் கோளாறு என்று நினைத்தேன்.

அந்த மென்பொருளைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை எழுத வேண்டும், ஏனென்றால் மற்றவர்கள் அதை வேறு பெயரில் சொல்கிறார்கள். எந்தக் கருவி எந்த நேரத்தில் எந்த இணையதளத்துக்குப் போகிறது என்று அது காட்டும். அவ்வளவுதான். மெசேஜைப் படிக்காது, போட்டோவைத் திறக்காது. காலேஜ் லேபிலும் அதைத்தான் வைத்திருந்தேன், பராமரிப்புக்காக. பிரின்சிபால் அதை உளவு என்றார். ஆசிரியைகளின் கம்ப்யூட்டரில் ஏன் வைத்தாய் என்று கேட்டார். எல்லாக் கம்ப்யூட்டரிலும்தான் வைத்தேன், ஆசிரியைகளுக்கென்று தனியாகவா வைப்பார்கள்?

ஆகஸ்ட் 12, செவ்வாய்

இன்டர்நெட் கம்பெனிக்குப் போன் செய்து வாங்கு வாங்கென்று வாங்கினேன். லைனில் கோளாறே இல்லை என்கிறார்கள். எல்லாரும் உத்தமர்கள்.

கூடத்தில் இருந்த மடக்குக் கட்டிலையும் காணோம். "அண்ணன் வீட்டுக்குங்க" என்றாள் வசந்தா. அவள் அண்ணன் பொங்கியண்ணனுக்குக் கட்டிலுக்கு என்ன பஞ்சம்?

ஆகஸ்ட் 14, வியாழன்

பதில் வரவில்லை. எல்லாவற்றையும் கலைத்துவிட்டு முதலிலிருந்து செய்தேன். பதில் வரவில்லை.

ஆகஸ்ட் 15, வெள்ளி

லீவு நாள். இரண்டு பேரும் வீட்டில்தான். அடுக்களையில் குசுகுசுவென்று பேச்சு. நான் தண்ணீர் குடிக்கப் போனதும் நின்றுவிட்டது.

"ஆவணி பொறந்ததும் பால் காய்ச்சணும், புதுப் பாத்திரம் ஒண்ணு வேணும்" என்று வசந்தா சொன்னது மட்டும் காதில் விழுந்தது. பொங்கியண்ணன் வீடு கட்டிக்கொண்டிருக்கிறான் போல. கட்டில் அங்கே போன மர்மம் விளங்கிற்று. ஆடியில் குடி போகக்கூடாதென்று காத்திருக்கிறார்கள். எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. மச்சினன் கிரகப்பிரவேசத்துக்கு அழைப்பில்லாத மாப்பிள்ளை இந்தக் கோயமுத்தூர் ஜில்லாவில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

சீண்டலாம் என்று, "என்ன, இப்பவெல்லாம் பாட்டு கத்துக்கறதில்லையா?" என்று கேட்டேன். பழைய கதை. வசந்தா வங்கியிலிருந்து வந்ததும் தினமும் அரை மணி நேரம் பாட்டு வகுப்பு வீடியோ பார்ப்பாள், சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு. மென்பொருள் காட்டியது. ஒரு நாள் அவள் அண்ணன் குடும்பம் வந்திருந்தபோது சாப்பாட்டு நேரத்தில் அந்தப் பேச்சை எடுத்துவிட்டேன். சிரிப்புக்குத்தான். எல்லாரும் சிரித்தார்கள். மறுநாளிலிருந்து அவள் அந்தப் பக்கமே போகவில்லை. தொட்டாற்சிணுங்கி.

மிதுனாதான் பதில் சொன்னாள்: "அம்மா இப்பவும் கத்துக்கறாங்கப்பா. உங்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான்."

ஆகஸ்ட் 17, ஞாயிறு

கண்டுபிடித்துவிட்டேன். சந்தோஷம் இல்லை.

மூன்று பேருக்குள் கோளாறு இல்லை, என் கம்ப்யூட்டரில் கோளாறு இல்லை, லைனில் இல்லை. மிச்சம் இருப்பது பிரிண்டர் ஒன்றுதான் என்று அதன் முன்னால் போய் உட்கார்ந்தேன். அதில் உள்ளங்கை அளவுக்கு ஒரு சின்னத் திரை இருக்கிறது. பட்டனை அழுத்திக்கொண்டே போனால் எந்த வைஃபையில் இருக்கிறது என்று காட்டும். நம் வீட்டு வைஃபைக்கு நான் வைத்த பெயர் என் பெயர்தான். பிரிண்டர் இருந்தது வேறொரு வைஃபையில். ஆங்கில எழுத்தில் நிம்மதி என்று இருந்தது.

என் கம்ப்யூட்டரில் அந்தப் பெயரே வருவதில்லை. வராதபடி மறைத்து வைத்திருக்கிறார்கள். ஒரே ரவுட்டரில் இரண்டு வைஃபை. என் பெயரில் இருப்பதில் நான் மட்டும், இணையத்துக்குப் போகலாம், வீட்டில் யாரையும் பார்க்க முடியாது. வெளியாட்கள் வந்தால் கொடுப்பதற்கென்று ரவுட்டரில் இருக்கிற ஏற்பாடு அது. அதைத்தான் எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். பழைய பெயர், பழைய பாஸ்வேர்டு, நான் சந்தேகப்படக்கூடாது என்று. வேலை சுத்தமாகத்தான் இருக்கிறது. என் மகள் அல்லவா.

கூடத்துக்கு வந்து கத்தினேன். மிதுனா அறைக் கதவைத் திறந்துகொண்டு வந்தாள்.

"ஆமாங்கப்பா, நாந்தான் பிரிச்சேன். ஜூன்ல."

"எதுக்கு? நான் என்ன திருடனா?"

"மே மாசம் ஓசூர் கம்பெனிக்குப் போன் பண்ணுனீங்களே, அதுக்கு."

அதைப் பற்றியும் எழுதிவிடுகிறேன். அவள் ஓசூரில் ஒரு கம்பெனியின் வேலைப் பக்கத்துக்குத் தினமும் போவதை மென்பொருள் காட்டியது. எங்களிடம் மூச்சு விடவில்லை. அப்பா என்ற முறையில் அந்தக் கம்பெனிக்குப் போன் போட்டு, பெண்ணை அவ்வளவு தூரம் அனுப்புவதாக இல்லை என்று சொன்னேன். மரியாதையாகத்தான் சொன்னேன். அவர்களும் சரிங்க சார் என்றார்கள். எந்த அப்பனும் செய்வதுதான்.

"இப்ப எனக்கு ஒரு இன்டர்வியூ இருக்கு. அதைக் கெடுக்கப் பார்க்கறயா?" என்று கேட்டேன்.

அவள் சட்டென்று சிரித்துவிட்டாள். சிரிப்பில்லை அது. "நான் கெடுக்க மாட்டனுங்கப்பா. இருபதாம் தேதி காலைல எல்லாத்தையும் ஒண்ணாக்கித் தந்தர்றேன். அதுவரைக்கும் வேண்டாம்."

"ஏன், இப்பவே தந்தா என்ன?"

"இருபதாம் தேதி தர்றனுங்கப்பா."

வசந்தா அடுக்களை வாசலில் நின்றிருந்தாள். "நீயும் இதுல கூட்டா?" என்று கேட்டேன். "பேரு நான் வெச்சதுங்க" என்றாள். அதைச் சொல்லும்போது அவள் தலை குனியவில்லை. கல்யாணமான இத்தனை வருடத்தில் இப்படி நேராக என்னைப் பார்த்துப் பேசியதாக ஞாபகம் இல்லை. கோபம் வந்தது. அதைவிட அதிகமாக என்னவோ வந்தது, பயம் என்று சொல்ல மாட்டேன்.

ஆகஸ்ட் 18, திங்கள்

புது ரவுட்டர் ஒன்று வாங்கி வந்து எல்லாவற்றையும் தலைகீழாக்கலாம். எனக்கு எவ்வளவு நேரம்? ஆனால் என் வீட்டில் நான் திருட்டுத்தனமாக வைஃபை போட்டுக்கொள்ள மாட்டேன். அவளே வந்து தரட்டும்.

ஒரு ஏற்பாடு பாக்கி. என்னிடம் இருப்பது பட்டன் போன். ஸ்மார்ட்போன் தன் முதலாளியைப் பற்றி ஊருக்கெல்லாம் என்னென்ன சொல்லும் என்று தெரிந்தவன் அதை வைத்துக்கொள்ள மாட்டான். ஆகவே அன்று வசந்தாவின் போன் வேண்டும். காலையில் அவள் ஈரத் துணியோடு போகும்போது, "இருபதாம் தேதி பதினொரு மணிக்கு உன் போன் வேணும்" என்று சொன்னேன்.

"அன்னைக்கு நாங்க இருக்க மாட்டமுங்க. ஓசூர் பிரான்ச்சுக்கு மாத்தல் வாங்கிட்டேன். சொன்னனே."

நடுவன் அப்போதுதான் பாதியில் நின்றுபோயிருந்தான். அவனைப் பார்த்துக்கொண்டே, "சரி சரி, பார்க்கலாம்" என்றேன். பதினொரு மணிக்குப் பத்து நிமிடம் இருந்தால் போதும். வங்கிக்குக் கொஞ்சம் தாமதமாகப் போனால் குடியா முழுகிவிடும்?

ஆகஸ்ட் 19, செவ்வாய்

ஒத்திகை பார்த்தேன். பேசிப் பேசிப் பார்த்தேன். "இவன் பெரியவன், இவன் கேட்டால் நடுவன் பதில் சொல்வான்." குரல் பழையபடி வந்தது. பாடம் நடத்தும்போது நான் நல்ல மனிதன். யார் வேண்டுமானாலும் சொல்வார்கள்.

வசந்தா இஸ்திரி போட்டு என் வெள்ளைச் சட்டையைக் கதவில் மாட்டி வைத்திருக்கிறாள். சொல்லாமலே செய்திருக்கிறாள். இரண்டு நாள் முகம் தூக்கி வைத்தாலும் மனதில் ஒன்றும் இல்லை. நாளை வேலை கிடைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்.

ஆகஸ்ட் 20, புதன், காலை

சொன்ன சொல் தவறவில்லை. விடிந்ததும் மிதுனா வந்தாள், குளித்துப் புதுச் சுடிதார் போட்டிருந்தாள். என் நாற்காலிக்குப் பின்னால் நின்று லேப்டாப்பில் ஏதோ தட்டினாள். ரவுட்டர் பாஸ்வேர்டை என் மேஜையில் எழுதி வைத்தாள்.

"இப்ப எல்லாம் ஒண்ணாய்டுச்சுங்கப்பா. இனிப் பிரிக்க வேண்டியதில்ல."

உடனே பிங் போட்டுப் பார்த்தேன். பிரிண்டர் இருக்கிறேன் என்றது. வசந்தாவின் போன் இருக்கிறேன் என்றது. அந்த எண் எனக்கு மனப்பாடம், நான் கொடுத்த எண். மிதுனாவின் லேப்டாப் இருக்கிறேன் என்றது. ஜூனிலிருந்து இல்லாத ஒரு நிம்மதி. இந்த வார்த்தையை நானே எழுதுவேன் என்று நினைக்கவில்லை.

வாசலில் பொங்கியண்ணனின் குட்டியானைச் சரக்கு வண்டி வந்து நின்ற சத்தம் கேட்டது. ஏதோ ஏற்றினார்கள். வசந்தா என் அறை வாசலில் வந்து நின்றாள்.

"என்னங்க, கெளம்பறமுங்க. சோறாக்கி வெச்சிருக்கறேன். தயிர் ஃப்ரிட்ஜுல இருக்குது."

"சரி. கதவைச் சாத்திட்டுப் போ, சத்தம் கேக்குது" என்றேன். திரையிலிருந்து கண்ணை எடுக்க முடியாத நேரம். பால் காய்ச்சிவிட்டுப் பதினொரு மணிக்குள் வந்துவிடுவார்கள். வசந்தா கொஞ்ச நேரம் நின்றாள் என்று நினைக்கிறேன். கதவு சாத்துகிற சத்தம் உடனே வரவில்லை.

ஆகஸ்ட் 20, மாலை

ஜெரால்டு என்று ஒரு பையன் தேர்வு நடத்தினான். மரியாதை தெரிந்தவன். பெரியவனைக் காட்டினேன், நடுவனைக் காட்டினேன், சின்னவனைக் காட்டினேன். கேட்ட கேள்விக்கெல்லாம் பதில். ஒரு தடங்கல் இல்லை.

"சார், செட்டப் ரொம்ப க்ளீனா இருக்கு. உங்ககிட்ட நாங்களே படிக்கலாம் போலிருக்கு" என்றான். "கடைசியா ஒண்ணே ஒண்ணு சார். வீட்டுக்குள்ள வேற ஒரு டிவைஸ்ல இருந்து திறந்து காட்டிடுங்க."

"ஒரு நிமிஷம்" என்று எழுந்தேன். "வசந்தா" என்று கூப்பிட்டேன். கூடத்துக்கு வந்து கூப்பிட்டேன். அடுக்களையில் ஒரு தட்டு, ஒரு டம்ளர், சோற்றுச் சட்டி. அலமாரியில் மற்ற பாத்திரங்கள் இருந்த இடத்தில் வட்ட வட்டமாகத் தூசி இல்லாத தடம். மிதுனாவின் அறை திறந்தே கிடந்தது. பூட்டு சாவியோடு ஜன்னல் மேல் இருந்தது. ரவுட்டர் பரண்மேல் பச்சை விளக்கோடு கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. வசந்தாவின் பீரோவில் ஹேங்கர்கள் மட்டும். சாமி படங்களில் அவள் வீட்டுக் குலதெய்வத்தை மட்டும் எடுத்துப் போயிருக்கிறாள்.

ஓசூர், மாத்தல், ஆவணி, பால். எல்லாமே என்னிடம் சொல்லப்பட்டிருந்தது. ஒரு நேரத்தில் ஒன்று என்று ஒவ்வொன்றாக எடுத்துப் போயிருக்கிறார்கள்.

திரும்பி வந்து உட்கார்ந்தேன். ஜெரால்டு காத்திருந்தான்.

"சார், வீட்ல வேற யாராவது இருக்காங்களா?"

"இல்லை."

"உங்க போன்லயே பண்ணலாமே சார்."

பட்டன் போனைத் தூக்கிக் காட்டினேன். அவன் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம். "பரவால்ல சார், நாங்க பேசிட்டுச் சொல்றோம்" என்றான். அந்தக் குரலை எனக்குத் தெரியும். பையன்களை அந்தக் குரலில் நானே எத்தனை முறை அனுப்பியிருக்கிறேன்.

தனியாக இருக்கப் பயமாக இருக்கிறது. எழுதிவிட்டேன், கோடு போட்டு அடிக்கப் போவதில்லை.

ஆகஸ்ட் 21, வியாழன்

பட்டன் போனைக் கையில் வைத்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். வசந்தாவைக் கூப்பிடலாம். எடுத்தால் என்ன பேசுவது என்று தெரியவில்லை.

மென்பொருளைத் திறந்தேன். குருடு நீங்கிவிட்டது, வீடு முழுவதையும் இப்போது காட்டுகிறது. என் கம்ப்யூட்டர், அதற்குள் மூன்று பேர், பிரிண்டர். வேறு எதுவும் இல்லை.

பெரியவனிலிருந்து வசந்தாவின் எண்ணைக் கேட்டேன். பதில் இல்லை. நடுவனிலிருந்து கேட்டேன், சின்னவனிலிருந்து கேட்டேன். இல்லை. முறைப்படி எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக மறுபடியும் சோதித்தேன். வாசல் சரி, எண் சரி, ரவுட்டர் சரி.

எங்கள் பக்கம் கோளாறு எதுவும் இல்லை.